கண்ணாடிக் கட்டடமும் ஏறும் வட்டியும்

தில்லி, குர்கான், நொய்டா அலுவலகங்களில் சில நூறு ரூபாய்க்குப் பங்கு கிடைத்தது. பிறகு ரிசர்வ் வங்கி வட்டியை உயர்த்தியது. வாடகையை நம்பியவர்களுக்கு என்ன ஆயிற்று?

2022 மே 4, புதன்கிழமை. பங்குச் சந்தையின் கவனமெல்லாம் அன்று காலை திறந்த எல்.ஐ.சி. பங்கு வெளியீட்டின் மீது இருந்தது. பிற்பகல் 2 மணிக்கு, வழக்கமான அட்டவணையில் இல்லாத ஓர் உரையுடன் ரிசர்வ் வங்கியின் அன்றைய கவர்னர் சக்திகாந்த தாஸ் திரையில் தோன்றினார். வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் ரெப்போ வட்டி விகிதம் 4 சதவீதத்திலிருந்து 4.40 சதவீதமாக உயர்த்தப்படுகிறது என்று அறிவித்தார். சந்தை மூடியபோது சென்செக்ஸ் 1,300 புள்ளிகளுக்கு மேல் இறங்கியிருந்தது.

வீட்டுக் கடன் வாங்கியவர்கள் அன்றிரவே மாதத் தவணையைக் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். தலைநகர் வட்டாரத்தில் இன்னொரு கூட்டத்துக்கும் அந்த அறிவிப்பு பொருந்தியது, ஆனால் அவர்களில் பலர் அதை உணரவில்லை. அவர்கள் யாரும் கடன் வாங்கியவர்கள் இல்லை. கையில் இருந்த சேமிப்பைக் கொண்டு, குர்கான் டூண்டாஹேராவிலும் நொய்டாவின் 62-வது செக்டரிலும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர் ஊழியர்கள் தினமும் அட்டை காட்டி நுழையும் வளாகங்களில் துளித்துளியாகப் பங்கு வாங்கியவர்கள். 'ரீட்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளைகளின் யூனிட்தாரர்கள்.

இந்த ஏற்பாடு அமெரிக்காவில் 1960-லிருந்தே உண்டு. இந்தியாவில் செபி இதற்கான விதிகளை வெளியிட்டது 2014 செப்டம்பரில். முதல் அறக்கட்டளையான எம்பசி ஆபீஸ் பார்க்ஸ் 2019 ஏப்ரலில்தான் சந்தைக்கு வந்தது. விதிகள் எளியவை. சொத்தில் 80 சதவீதமாவது கட்டி முடித்து வாடகை ஈட்டும் கட்டடமாக இருக்க வேண்டும். விநியோகிக்கக்கூடிய பணத்தில் 90 சதவீதத்தை யூனிட்தாரர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். கடன், சொத்து மதிப்பில் 49 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆரம்பத்தில் குறைந்தபட்சம் 2 லட்சம் ரூபாய் போட வேண்டியிருந்தது. 2021-ல் செபி அதை 10,000 முதல் 15,000 ரூபாய் வரை என்று இறக்கியது. சந்தையில் ஒரே ஒரு யூனிட் கூட வாங்கலாம் என்று ஆயிற்று. கன்னாட் பிளேஸில் ஒரு கடையின் படிக்கட்டைக்கூட வாங்க முடியாத தில்லிவாசிக்கு இது ஒரு வாசல்தான்.

அதுவும் தில்லிக்காரர்கள் கட்டடத்தில் பணம் போட்டு நொந்துபோயிருந்த சமயம். ஆம்ரபாலி, ஜேபீ, யூனிடெக் என்று பாதியில் நின்ற அடுக்குமாடிகளின் எலும்புக்கூடுகள் நொய்டா சாலைகளில் வரிசையாக நின்றன. கடையோ அலுவலகமோ முன்பதிவு செய்தால் மாதாமாதம் 'உறுதியான வருமானம்' என்று விளம்பரம் செய்த பில்டர்கள் சில மாதம் செக் அனுப்பிவிட்டுக் காணாமல் போனதும் இங்கே பழைய கதை. ரீட் அந்த ரகத்தில் சேராது. கட்டடம் ஏற்கெனவே நிற்கிறது, வாடகை வருகிறது, கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியாகிறது.

தலைநகர் வட்டாரக் கட்டடங்களைப் பெருமளவில் கொண்டு வந்த முதல் அறக்கட்டளை, கனடாவைச் சேர்ந்த புரூக்ஃபீல்டு நிறுவனத்தின் புரூக்ஃபீல்டு இந்தியா ரியல் எஸ்டேட் டிரஸ்ட். 2021 பிப்ரவரியில் யூனிட் ஒன்று 275 ரூபாய் விலையில் 3,800 கோடி ரூபாய் திரட்டியது. குர்கான், நொய்டா, கொல்கத்தா வளாகங்களும் மும்பை போவாய் கட்டடமும் அதன் சொத்து. இவற்றில் கேண்டர் என்ற பெயரில் இயங்கும் வளாகங்களுக்கு ஒரு பூர்வ கதை உண்டு. இவை யூனிடெக் எழுப்பியவை. 2006-ல் யூனிடெக் கார்ப்பரேட் பார்க்ஸ் என்ற நிறுவனம் இவற்றைக் காட்டி லண்டன் சந்தையில் பணம் திரட்டியது. 2014-ல் புரூக்ஃபீல்டு வாங்கிக்கொண்டது. குடியிருப்புகளைக் கட்டி முடிக்காமல் சுப்ரீம் கோர்ட் வரை போன அதே கம்பெனியின் அலுவலகக் கட்டடங்கள் மட்டும் தப்பித்து, நல்ல வாடகை ஈட்டி, சாதாரண மக்களின் கைக்கு வந்தன. தில்லி ரியல் எஸ்டேட்டில் இப்படியும் நடக்கும்.

275 ரூபாய் யூனிட்டுக்கு 2021-22-ல் கிடைத்த தொகை 22 ரூபாய் 10 காசு. ஏறக்குறைய 8 சதவீதம். ஸ்டேட் வங்கி டெபாசிட் ஐந்தரை சதவீதத்தைத் தொடத் தயங்கிய காலம் அது. மத்திய அரசின் பத்து வருடக் கடன் பத்திரமே 6 சதவீதத்தை ஒட்டித்தான் தந்தது. ஓய்வு பெற்றவர்களுக்கு விற்ற ஏஜெண்டுகள் 'வாடகை மாதிரி, டெபாசிட் மாதிரி' என்று சொல்லி விற்றதில் வியப்பில்லை. வாடகை மாதிரி என்பது சரி. டெபாசிட் மாதிரி என்பதில்தான் பிழை.

கடன் யாருடையது?

ஒரு கற்பனைக் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். மதிப்பு 1,000 கோடி ரூபாய். செலவு போக ஆண்டு வாடகை 80 கோடி. கட்டடத்தின் மீது 400 கோடி கடன் இருக்கிறது, 7 சதவீத வட்டியில். வட்டிக்கு 28 கோடி போக 52 கோடி மிஞ்சும். அதுதான் யூனிட்தாரர்களின் பங்கு. இப்போது கடன் வட்டி 9.5 சதவீதம் ஆகிறது. வட்டிக்கே 38 கோடி போய்விடும். மிஞ்சுவது 42 கோடி. வாடகைதாரர் ஒருவர்கூடக் காலி செய்யவில்லை, வாடகை ஒரு பைசா குறையவில்லை. ஆனாலும் யூனிட்தாரருக்கு வரும் பணத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது.

இது கற்பனைக் கணக்கு என்றாலும் இரண்டரை சதவீதம் என்ற அளவு கற்பனை இல்லை. 2022 மே மாதத்தில் தொடங்கி 2023 பிப்ரவரி 8 வரை, ஒன்பது மாதத்தில் ஆறு முறை ரிசர்வ் வங்கி ரெப்போவை உயர்த்தியது. 4-ல் இருந்தது 6.50-ல் வந்து நின்றது. அமெரிக்காவில் இன்னும் வேகம். பூஜ்யத்தை ஒட்டி இருந்த வட்டி 2022 மார்ச்சிலிருந்து 2023 ஜூலைக்குள் 5.25-5.50 சதவீதத்துக்கு ஏறியது. அங்கே பிளாக்ஸ்டோன் நடத்தும் மிகப் பெரிய சொத்து நிதி ஒன்று, பணத்தைத் திரும்பக் கேட்டவர்களின் கூட்டத்தைத் தாங்காமல் 2022 இறுதியில் மாதத்துக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுக்க ஆரம்பித்தது. இந்தியாவில் யூனிட்கள் பங்குச் சந்தையில் விற்பனையாவதால் கதவை யாரும் சாத்த முடியாது. விலைதான் இறங்கும்.

எல்லா அறக்கட்டளைகளும் ஒரே மாதிரி அடி வாங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். காரணம், கடனின் ரகம். எம்பசி 2021-ல், வட்டி மலிவாக இருந்தபோதே, ஆறு ஏழு சதவீத அளவில் சில ஆண்டுகளுக்கு மாறாத வட்டியில் கடன் பத்திரங்களை விற்று வைத்திருந்தது. அந்தப் பத்திரங்கள் முதிரும்வரை ரிசர்வ் வங்கி என்ன செய்தாலும் அந்தத் தொகைக்கு வட்டி ஏறாது. முதிர்ந்து புதுக் கடன் வாங்கும்போதுதான் சுடும். புரூக்ஃபீல்டின் கடனில் பெரும்பகுதி வரப்போகும் வாடகையை ஈடு காட்டி, மாறும் வட்டியில் வாங்கியது. ரெப்போ ஏறினால் வட்டியும் பின்னாலேயே ஏறும். யூனிட் வாங்குபவர்கள் கட்டடத்தின் போட்டோவைப் பார்த்த அளவுக்குக் கடன் பட்டியலைப் பார்த்திருந்தால் இந்த வித்தியாசம் தெரிந்திருக்கும். ஆண்டறிக்கையில் அது அச்சாகித்தான் இருந்தது.

தபால் நிலையத்தின் போட்டி

இரண்டாவது அடி வந்தது கடனிலிருந்து இல்லை, தபால் நிலையத்திலிருந்து. மத்திய அரசின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 2020 முதல் 7.4 சதவீத வட்டி தந்துகொண்டிருந்தது. 2023 ஏப்ரலில் அது 8.2 சதவீதமாயிற்று. அதே நேரத்தில் ஒருவர் போடக்கூடிய உச்ச வரம்பு 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக இரட்டிப்பானது. ராமகிருஷ்ணபுரம் அரசுக் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு மயூர் விஹாரில் குடியேறிய எந்த ஓய்வு பெற்ற செக்ஷன் ஆபீசருக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம். 30 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய், ஆண்டுக்கு 2 லட்சத்து 46 ஆயிரம். அரசாங்க உத்தரவாதம்.

அதே 30 லட்சத்தை 275 ரூபாய் விலையில் புரூக்ஃபீல்டு யூனிட்களில் போட்டிருந்தால்? 2021-22-ல் சுமார் 2 லட்சத்து 41 ஆயிரம் வந்திருக்கும். 2022-23-ல் யூனிட்டுக்கு 20.20 ரூபாய்தான் கிடைத்தது. 2023-24-ல் 17.75. அதாவது 1 லட்சத்து 94 ஆயிரம். டெபாசிட் வட்டி ஏறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இந்தப் பக்கம் வரவு இறங்கிக்கொண்டிருந்தது.

சந்தை இதை எப்படிப் பார்க்கும்? 17.75 ரூபாய் வரவுக்கு, ஆபத்தே இல்லாத 8.2 சதவீதத்தைக் கேட்கும் ஒருவர் 216 ரூபாய்க்கு மேல் கொடுக்க மாட்டார். வாடகை வருங்காலத்தில் உயரும் என்று நம்புகிறவர் கூடுதலாகக் கொடுப்பார். இந்த இரண்டு பேருக்கும் நடக்கும் பேரம்தான் யூனிட்டின் விலை. 2022 கோடையில், வட்டி ஏற ஆரம்பித்த பிறகும், விலை 300-க்கு மேல் இருந்தது. நம்பிக்கை உள்ளவர்கள் கை ஓங்கியிருந்தது. 2023 முடிவதற்குள் அது 250-க்கும் கீழே போயிற்று. கட்டடங்களை மதிப்பிடும் நிபுணர்களோ யூனிட் ஒன்றின் நிகர மதிப்பு 300 ரூபாய்க்கு மேல் என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். மதிப்பீட்டாளர் வருங்கால வாடகையை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர ஒரு வட்டி விகிதத்தைக் கையில் வைத்திருக்கிறார். சந்தைக்கும் ஒரு விகிதம் இருக்கிறது. 80 கோடி வாடகையை 8 சதவீதத்தில் பார்த்தால் 1,000 கோடி, 9 சதவீதத்தில் பார்த்தால் 889 கோடி. நிபுணர் நிதானமாக மாற்றுகிறார், சந்தை அன்றன்றைக்கே மாற்றிவிடுகிறது.

விலை இறங்குவதில் இன்னொரு சங்கடமும் உண்டு. அறக்கட்டளைகள் வாடகையை ஏறக்குறைய முழுதும் கொடுத்துவிடுவதால், புதுக் கட்டடம் வாங்க அவற்றிடம் சேமிப்பு கிடையாது. கடன் வாங்க வேண்டும், அல்லது புது யூனிட் விற்க வேண்டும். 2023 ஆகஸ்டில் குர்கான் 48-வது செக்டர் வளாகத்திலும் மும்பை போவாயிலும் சிங்கப்பூரின் ஜி.ஐ.சி.யுடன் சேர்ந்து பாதிப் பங்கை வாங்க, புரூக்ஃபீல்டு பெரிய நிறுவன முதலீட்டாளர்களுக்கு யூனிட்களை விற்றது. திரட்டியது சுமார் 2,305 கோடி. விலை 252.25 ரூபாய். இரண்டரை ஆண்டுக்கு முன் சாதாரண மக்கள் கொடுத்தது 275. வாடகையைப் பங்கு போட ஆட்கள் கூடினார்கள், புதிதாக வந்தவர்கள் மலிவாக வந்தார்கள்.

வட்டி மட்டுமா?

எல்லாப் பழியையும் ரிசர்வ் வங்கியின் மீது போடுவது நியாயமில்லை. கேண்டர் வளாகங்கள் பெரும்பாலும் சிறப்புப் பொருளாதார மண்டலங்கள். 2020-க்குப் பிறகு அங்கே புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கு வருமான வரிச் சலுகை கிடையாது என்று ஆனதும், வரிக்காக வந்தவர்கள் வருவது நின்றது. மண்டலத்தின் விதிப்படி மற்றவர்களுக்கு வாடகைக்கு விடவும் வழியில்லை. கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்த்த ஊழியர்கள் வேறு. வாசலில் காவலாளியும் உள்ளே காலி மாடிகளுமாகச் சில கட்டடங்கள் நின்றன. 2023 டிசம்பரில் வர்த்தக அமைச்சகம் விதியைத் தளர்த்தி, ஒரு கட்டடத்தின் சில தளங்களை மட்டும் மண்டலத்திலிருந்து விடுவிக்க அனுமதித்த பிறகுதான் அந்த மாடிகளுக்கு வழி பிறந்தது. வாடகை ஒப்பந்தங்களில் மூன்றாண்டுக்கு ஒருமுறை 15 சதவீத உயர்வு என்பது வழக்கமான ஷரத்து. ஆள் இருந்தால்தான் அந்த ஷரத்துக்குப் பயன். (1958-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் நிழலில் இன்னமும் சில நூறு ரூபாய் வாடகைக்கு இருக்கும் பழைய தில்லிக் கடைகளை நினைத்தால், இந்த 15 சதவீதம் வேறு தேசத்து விஷயமாகத் தோன்றும்.)

நடுவில் பட்ஜெட்டும் ஒரு குட்டு வைத்தது. யூனிட்தாரருக்கு வரும் தொகை பல துண்டுகளாக வருகிறது: வட்டி, டிவிடெண்ட், கட்டடத்தை வைத்திருக்கும் துணை நிறுவனம் திருப்பிக் கட்டும் கடன் தொகை. கடைசித் துண்டுக்கு வரி இல்லாமல் இருந்தது. 2023 பிப்ரவரி 1 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அதையும் வருமானமாகக் கருதி வரி போட முன்மொழிந்தார். யூனிட்கள் அன்றே சரிந்தன. எதிர்ப்புக்குப் பிறகு, மார்ச்சில் மசோதா நிறைவேறியபோது, அந்தத் தொகையை வாங்கிய விலையிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்ற அளவுக்கு இறங்கி வந்தார்கள். விற்கும்போது லாபம் கூடுதலாகத் தெரியும், வரியும் அப்போது வரும். ஆக, ஒரு சதவீதத்தை இன்னொரு சதவீதத்தோடு ஒப்பிடுகிறவர்கள் வரிக்கு முந்தியதா பிந்தியதா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. சேமிப்புத் திட்டத்தின் வட்டி முழுவதற்கும் வரி உண்டு. யூனிட் தொகையின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொரு நீதி.

வட்டி உச்சத்தில் இருந்தபோதே சந்தைக்கு வந்து தப்பித்த ஒரு அறக்கட்டளையும் தில்லிக்குத் தெரிந்ததுதான். சாகேத்தில் உள்ள செலக்ட் சிட்டிவாக் வணிக வளாகம், 2023 மே மாதம் 3,200 கோடி ரூபாய் திரட்டிய நெக்ஸஸ் செலக்ட் டிரஸ்டின் மகுடம். 100 ரூபாய்க்கு விற்ற யூனிட் வெளியீட்டு விலைக்கு மேலேயே தொடங்கி, மேலும் ஏறியது. கடைகளின் வாடகையில் ஒரு பகுதி விற்பனையோடு சேர்ந்து உயரும். மக்கள் கடைக்குத் திரும்பிய சமயம் அது. அதைவிட முக்கியமாக, வாங்கியவர்கள் வட்டி எவ்வளவு என்று தெரிந்துகொண்டே விலை பேசினார்கள். 2021-ல் வாங்கியவர்கள் 4 சதவீத ரெப்போவே நிலை என்று நினைத்து விலை பேசியிருந்தார்கள்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. சென்னை தரமணியில் உள்ள இன்டர்நேஷனல் டெக் பார்க், இந்தியாவில் விதிகள் வருவதற்கு ஏழாண்டு முன்பே, 2007-லிருந்தே சிங்கப்பூர்ச் சந்தையில் விற்பனையாகும் ஓர் அறக்கட்டளையின் சொத்து. இன்று அதன் பெயர் கேபிடாலேண்ட் இந்தியா டிரஸ்ட். தேக்காவில் காபி குடித்துக்கொண்டே தரமணி வாடகையில் பங்கு வாங்கலாம். அங்கேயும் 2023-ல் யூனிட்டுக்குக் கொடுத்த தொகை முந்தைய ஆண்டைவிடக் குறைந்தது. ரூபாய்க்கும் சிங்கப்பூர் டாலருக்கும் உள்ள மாற்று விகிதம் அங்கே கூடுதல் தலைவலி. 2024-ல் எம்பசியும் பல்லாவரம்-துரைப்பாக்கம் சாலையில் ஒரு வளாகத்தை வாங்கிச் சென்னைக்குள் நுழைந்தது.

சக்கரம் திரும்புகிறது

நாடாளுமன்றச் சாலையில் ரிசர்வ் வங்கியின் தில்லிக் கிளை வாசலில் ராம்கிங்கர் பெய்ஜ் செதுக்கிய யட்சனும் யட்சியும் நிற்கிறார்கள். குபேரனின் காவலர்கள். முடிவுகள் எடுப்பது மும்பையில் என்றாலும், தில்லி யூனிட்தாரர்கள் இரண்டு ஆண்டுகள் அந்தக் காவலர்களின் தயவுக்குக் காத்திருந்தார்கள். 2025 பிப்ரவரி 7-ல், புதிய கவர்னர் சஞ்சய் மல்ஹோத்ராவின் முதல் கூட்டத்தில், ரெப்போ 6.25 ஆயிற்று. ஏப்ரலில் 6, ஜூனில் ஒரேயடியாக 5.50, டிசம்பரில் 5.25.

இடைப்பட்ட காலத்தில் காலி மாடிகளும் நிறைய ஆரம்பித்திருந்தன. வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் கணக்கு, வடிவமைப்பு, மென்பொருள் வேலைகளுக்கு இந்தியாவில் சொந்த மையம் திறக்கும் அலைதான் காரணம். 2024-ல் புரூக்ஃபீல்டு, பாரதி குழுமத்திடமிருந்து தில்லி விமான நிலையத்தை ஒட்டிய ஏரோசிட்டியின் வேர்ல்ட்மார்க் உள்ளிட்ட கட்டடங்களில் பாதிப் பங்கை வாங்கியது. பணத்துக்குப் பதில் 300 ரூபாய் விலையில் யூனிட்களைக் கொடுத்தது. சந்தைக்கு வந்த பிறகு தில்லி மாநகருக்குள்ளேயே அது கால் பதித்தது அப்போதுதான். 2024-25-ல் யூனிட்டுக்குக் கிடைத்தது 19.25 ரூபாய். 2025-ல் விலை 300-ஐத் தாண்டியது. ஸ்டேட் வங்கி டெபாசிட் வட்டி 7 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருந்த சமயம்.

இருந்தாலும் 19.25 என்பது முதல் முழு ஆண்டின் 22.10-ஐ எட்டவில்லை. 275 கொடுத்து வாங்கி அசையாமல் உட்கார்ந்திருந்தவருக்கு அது 7 சதவீதம். 2025-ல் 300-க்கு மேல் கொடுத்து வாங்கியவருக்கு அதே தொகை ஆறரைக்கும் குறைவு. மூத்த குடிமக்கள் திட்டம் அந்த ஆண்டு முழுவதும் 8.2-லேயே நின்றது. வித்தியாசத்தை ஈடுகட்ட வாடகை உயர வேண்டும்.

2025 நவம்பரில் புரூக்ஃபீல்டு அறக்கட்டளை அடுத்த பெரிய கொள்முதலை அறிவித்தது. பெங்களூரின் ஈகோவேர்ல்டு வளாகம், விலை 13,125 கோடி ரூபாய். புதிய யூனிட்களும், வட்டி மலிந்துவிட்ட சமயத்தில் வாங்கும் 3,500 கோடி ரூபாய் புதுக் கடனும் அதற்குப் பணம் தரும் என்பது அன்றைய திட்டம்.